மூன்று சேர்த்தால் மட்டும் போதாது: குமிழி விளையாட்டு பற்றி வாசகர் கேள்விகள்

கையடக்க கேம் கருவிகளில் குமிழி எறியும் விளையாட்டைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விளையாட்டு தெரியாதவர்களுக்கு நாலு வரி: திரையின் மேல்பக்கம் பல நிறக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே நடுவிலுள்ள அம்பைத் திருப்பி, கைக்கு வந்த குமிழியை மேலே எறிய வேண்டும். ஒரே நிறத்தில் மூன்றோ அதற்கு மேலோ தொட்டுக்கொண்டால் வெடிக்கும். எல்லாம் காலியானால் அடுத்த கட்டம். குமிழி கீழ்க்கோட்டைத் தாண்டினால் ஆட்டம் போச்சு. ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘பஸில் பாபிள்’ தான் இந்த வகைக்கு வழிகாட்டி. அதே விளையாட்டு ‘பஸ்ட் அ மூவ்’ என்ற பெயரிலும் விற்கப்பட்டது. கடையில் இரண்டு பெயரையும் பார்த்தால் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று சேர்ந்த உடனே வெடிக்கவைத்துவிடுகிறேன். முதல் சில கட்டங்கள் சுலபமாக முடிகின்றன. பிறகு கூரை இறங்கி இறங்கி நசுக்கிவிடுகிறது. எங்கே பிழை?
வாசகி, தலவாக்கலை

பதில்: உடனே வெடிப்பதில்தான் பிழை. ஒவ்வொரு குமிழியும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் கூரையில் தொங்குகிறது. நடுவில் தாங்கி நிற்கும் குமிழிகளை வெடித்தால் அதற்குக் கீழே தொங்கியவை எந்த நிறமாக இருந்தாலும் மொத்தமாக விழுந்துவிடும். கீழ் நுனியில் மூன்று மூன்றாக வெடித்துக்கொண்டிருப்பவர் ஒரு எறிக்கு இரண்டு குமிழியைத்தான் குறைக்கிறார். மேலே தாங்கியை அடிப்பவர் ஒரே எறியில் பத்தைக் குறைக்கிறார்.

புள்ளிக் கணக்கே இதைச் சொல்லிவிடும். காசு போட்டு ஆடும் முதல் ஆர்கேட் பதிப்பில் வெடிக்கும் குமிழிக்கு 10 புள்ளிதான். விழும் குமிழிக்கு அப்படியில்லை: ஒன்று விழுந்தால் 20, இரண்டு விழுந்தால் 40, மூன்றுக்கு 80 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஐந்து விழுந்தால் 320. பத்து விழுந்தால் 10,240. பதினேழும் அதற்கு மேலும் விழுந்தால் 1,310,720. விளையாட்டைச் செய்தவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே கட்டம் தொடங்கியதும் கையிலுள்ள நிறத்தைப் பார்க்காமல் கூரையை ஒட்டியுள்ள முதல் வரிசையைப் பாருங்கள். எந்தக் கொத்து எத்தனை குமிழியைப் பிடித்துத் தொங்குகிறது? சில கட்டங்களில் பெரிய கொத்து ஒன்று வெறும் இரண்டு பச்சையில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் உங்களுக்குத் தேவை ஒரு பச்சை; அதைக் கொண்டுபோக ஒரு வழி. மற்ற நிறங்கள் வரும்போது அந்த வழியை அடைக்காமல் ஓரமாக வையுங்கள்.

வேண்டாத குமிழியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று சமமாக வைத்தால் இரண்டு சுவரும் அடைபட்டு, சுவரில் மோதி எறிய வழியில்லாமல் போகும். ஒரு பக்கச் சுவரை முழுதாகப் பலி கொடுத்துவிட்டு மற்றச் சுவரைத் திறந்து வைத்திருங்கள். வைக்கும்போதும் முடிந்தவரை அதே நிறத்தின் பக்கத்தில் வையுங்கள். பிறகு ஒரே குமிழியில் அந்தக் குவியலும் போய்விடும்.

இன்னொரு விஷயம். திரையில் எஞ்சியிருக்கும் நிறங்கள் மட்டுமே உங்கள் கைக்கு வரும். ஒரு நிறத்தை முழுதாகத் துடைத்துவிட்டால் அந்த நிறம் திரும்ப வராது. ஆறு நிறம் இருக்கும்போது வேண்டிய நிறம் வர ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. மூன்றாகக் குறைந்தால் மூன்றில் ஒன்று. ஆகவே நிறத்துக்கு இரண்டு மூன்று குமிழிகளே உள்ள ‘சின்ன’ நிறங்களை முதலில் தீர்த்துவிடுங்கள்.

கூரை நேரத்தைப் பார்த்து இறங்குவதில்லை, நீங்கள் எறியும் எண்ணிக்கையைப் பார்த்து இறங்குகிறது. இறங்குவதற்கு முன் குமிழிகள் நடுங்கும். அந்த நடுக்கம் தெரிந்தால் வீணாக ஓரத்தில் ஒன்றை வைக்கும் நேரம் அதுவல்ல. அதற்காக எறியாமலே யோசித்துக்கொண்டும் இருக்க முடியாது. சில விநாடிகள் தாமதித்தால் எச்சரிக்கை காட்டிவிட்டு, அம்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் குமிழி தானாகப் பாய்ந்துவிடும். யோசிக்கும்போதும் அம்பைத் தீங்கில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

கேள்வி: நேராக எறிவது சரியாக வருகிறது. சுவரில் மோதித் திருப்புவது பத்தில் இரண்டுதான் போய்ச் சேருகிறது. கணக்கு ஏதும் உண்டா?
வாசகர், பண்டாரவளை

பதில்: உண்டு. கெரம் விளையாடுபவர்கள் கட்டையில் அடித்துக் காயைத் திருப்பும் அதே கணக்குத்தான். ஆனால் ஒரு நுணுக்கம்: குமிழியின் விளிம்புதான் சுவரைத் தொடும், அதன் நடுப்புள்ளி தொடாது. அகலம் எட்டுக் குமிழி என்றால் நடுப்புள்ளி நடமாடும் அகலம் ஏழுதான். எறியும் இடத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் மூன்றரைக் குமிழி. சுவர்க்கோட்டையே பார்த்துக் குறிவைப்பதால்தான் உங்கள் எறி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்வாகத் திரும்புகிறது. சுவருக்கு அரைக் குமிழி உள்ளே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மோதல் நடப்பது அங்கே.

எறியும் குமிழியின் நடுவிலிருந்து இலக்கின் நடுவரை உள்ள உயரத்தை ஒன்று என்று வைத்தால், எந்த உயரத்தில் மோத வேண்டும் என்பது இப்படி வரும். இலக்கு உங்களுக்கு நேர் மேலே, வழியில் தடை இருக்கிறது என்றால், சரிபாதி உயரத்தில் மோத வேண்டும். இலக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி இருந்தால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். இலக்கு நீங்கள் மோதும் சுவருக்கும் நடுவுக்கும் சரிபாதியில் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கில். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் இடைப்பட்டவற்றைக் கண்ணளவில் பிடிக்கலாம். பொதுவாகச் சொன்னால், மூன்றரையை ‘ஏழு கூட்டல் இலக்கின் தூரம்’ என்பதால் வகுக்க வேண்டும். இலக்கு நடுவிலிருந்து எதிர்ப்பக்கம் எத்தனை குமிழி தள்ளி இருக்கிறதோ அதைக் கூட்டுங்கள். மோதும் பக்கம் தள்ளி இருந்தால் கழியுங்கள்.

இரண்டு சுவரிலும் மோதி உச்சியின் நடுவுக்குப் போக வேண்டுமானால் முதல் மோதல் கால் பங்கில், இரண்டாவது முக்கால் பங்கில். பார்க்க அழகாக இருக்கும். கோணத்தில் ஒரு பாகை பிசகினாலும் ஏறக்குறைய அரைக் குமிழி தள்ளிப் போய்விடும் என்பதால் வேறு வழி இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

அம்புப் பொத்தானால் குறிவைக்கும் கருவிகளில் அம்பு படிப்படியாகத்தான் நகரும். சில இலக்குகள் இரண்டு படிகளுக்கு நடுவில் விழும். பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி நகர்த்துங்கள். பல பதிப்புகளில் தோளிலுள்ள எல், ஆர் பொத்தான்கள் நுணுக்கமாக நகர்த்தவே இருக்கின்றன, கையேட்டில் பாருங்கள்.

நின்டெண்டோ டிஎஸ் பதிப்பில் ஸ்டைலஸால் (தொடுதிரைக் குச்சி) கவண்போல் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். இங்கே இழுக்கும் தூரம் முக்கியம். திரையில் 20 புள்ளி (பிக்சல்) தூரம் இழுத்து நிற்கும்போது ஸ்டைலஸ் ஒரு புள்ளி பக்கவாட்டில் அசைந்தால் கோணம் கிட்டத்தட்ட 3 பாகை மாறும். 60 புள்ளி இழுத்தால் அதே அசைவுக்கு 1 பாகைதான். நன்றாகக் கீழே இழுங்கள். விடும்போது ஸ்டைலஸைத் திரையில் வழுக்கிக்கொண்டு எடுக்காமல் செங்குத்தாக மேலே தூக்குங்கள். கடைசி நொடியில் குறி தவறுவதற்கு அந்த வழுக்கல்தான் காரணம்.

கேள்வி: ஜப்பானில் வேலை செய்யும் அண்ணன் டிஎஸ் லைட் ஒன்றும் குமிழி கேம் கார்டும் கொண்டுவந்தார். சார்ஜரின் இரண்டு தட்டைப் பின்னை இங்கே மாட்ட ஒரு மாற்றுப் பிளக் வாங்கினால் போதுமா?
வாசகர், ஹட்டன்

பதில்: போதாது. தயவுசெய்து மாட்ட வேண்டாம். மாற்றுப் பிளக் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இலங்கையில் 230. ஜப்பானிய நின்டெண்டோ சார்ஜரின் அடியில் சிறிய எழுத்தில் உள்ளீடு 100 வோல்ட் என்று மட்டும் இருக்கும். அதை இங்கே செருகினால் சார்ஜர் கருகும். அதிர்ஷ்டமில்லை என்றால் கருவியும் சேர்ந்து போகும்.

உங்களுக்கு மூன்று வழி. முதலாவது, 230இலிருந்து 100க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர். சார்ஜர் இழுப்பது சில வாட்தான் என்பதால் 50 வாட் தாங்கும் சின்னது தாராளம். இரண்டாவது, 230 வோல்ட்டுக்கான டிஎஸ் லைட் சார்ஜர். வெளியீடு 5.2 வோல்ட், 450 மில்லிஅம்பியர் என்று இருக்க வேண்டும். பழைய டிஎஸ், டிஎஸ்ஐ ஆகியவற்றின் முனைகள் வேறு. டிஎஸ் லைட் என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, யுஎஸ்பி முனையுள்ள டிஎஸ் லைட் வயர். நல்ல தரமான 5 வோல்ட் போன் சார்ஜரில் மாட்டினால் வேலை செய்யும். எங்கள் தெரிவு இதுதான். விலை குறைவு, ட்ரான்ஸ்போமர் சுமக்கத் தேவையில்லை, கரண்ட் இல்லாத நேரத்தில் பவர் பேங்கிலும் ஏற்றலாம்.

சார்ஜ் ஏறும்போது செம்மஞ்சள் விளக்கு எரியும், நிறைந்ததும் அணையும். விளக்கே எரியவில்லை என்றால் பற்றரி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே பலகையில் எஃப்1, எஃப்2 என்று குறித்த இரண்டு பொடி ஃபியூஸ்கள் உண்டு. பிழையான சார்ஜரால் முதலில் போவது பெரும்பாலும் அவைதான். போன் திருத்தும் கடையில் மல்டிமீட்டரால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மூடியைக் கழற்ற மூன்று இறகுள்ள ட்ரை-விங் ஸ்க்ரூ ட்ரைவர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரண நட்சத்திர முனையால் முயன்றால் ஸ்க்ரூவின் தலை மழுங்கி, பிறகு யாராலும் திறக்க முடியாது.

கேம் கார்டைப் பற்றிக் கவலையில்லை. டிஎஸ் கார்டுகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஜப்பானியக் கார்ட் ஐரோப்பியக் கருவியிலும், ஐரோப்பியக் கார்ட் ஜப்பானியக் கருவியிலும் ஓடும். டிஎஸ்ஐக்கென்று வந்த கார்டுகளும் 3டிஎஸ் கார்டுகளும் அப்படியல்ல, அவற்றை நாடு பார்த்து வாங்க வேண்டும். கருவியின் மொழியை அமைப்புகளில் ஆங்கிலமாக மாற்றலாம். கேமுக்குள் ஜப்பானிய எழுத்து வந்தால் அது கார்டின் மொழி, அதை மாற்ற முடியாது. குமிழி விளையாட்டுக்கு மொழி பெரிதாகத் தேவைப்படாது என்பது ஆறுதல்.

கேள்வி: கேம் பாய் அட்வான்ஸில் அம்பு தானாகவே இடப்பக்கம் இழுக்கிறது. சில நாள் வலப்பக்கம் அழுத்தினாலும் நகர்வதில்லை. மழைக்காலத்தில் கூடுதலாக இருக்கிறது.
வாசகி, நுவரெலியா

பதில்: மழைக்காலம் என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். பொத்தானுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அதன் கீழ்ப்பக்கம் கருப்புக் கார்பன் வட்டம், அதற்கு நேரே பலகையில் செப்புத் தடம். அழுத்தும்போது வட்டம் தடத்தைத் தொட வேண்டும், விட்டதும் எழ வேண்டும். உங்கள் ஊர்க் குளிரிலும் மூடுபனியிலும் ஈரம் உள்ளே இறங்கும். அதோடு விரல் எண்ணெயும் அடுப்புப் புகையும் சேர்ந்து பிசினாகப் படியும். பிசின் பிடித்தால் எழாது: அதுதான் இடப்பக்க இழுப்பு. படிவு தடத்தை மூடினால் தொடாது: அதுதான் வலப்பக்க மௌனம்.

செய்முறை: பற்றரிகளைக் கழற்றுங்கள். பின்மூடியின் ட்ரை-விங் ஸ்க்ரூக்களையும் பற்றரிக் கூட்டுக்குள் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூவையும் எடுங்கள். திரையை இணைக்கும் தட்டை வயரை இழுக்காமல் பலகையை மெதுவாகத் தூக்குங்கள். ரப்பர் விரிப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் முழுதாக உலரவிடுங்கள். கார்பன் வட்டத்தைச் சுரண்ட வேண்டாம், அது மெல்லிய பூச்சு. பலகையிலுள்ள தடத்தை ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பார்மசியில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். போன் திருத்துபவர்கள் வைத்திருக்கும் 99 வீதத்தை ஒரு மூடியளவு கேட்டு வாங்குங்கள். டபிள்யூடி-40 போன்ற எண்ணெய்களைத் தெளிக்கவே கூடாது. அன்றைக்கு வேலை செய்யும், பிறகு தூசியைப் பிடித்து இன்னும் மோசமாக்கும்.

விளையாடாத நாட்களில் பற்றரியைக் கழற்றி, புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டோடு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் ‘சூடாக இருக்கும்’ என்று வைப்பவர்கள் உண்டு. சூட்டைவிடப் புகை கூடுதலாகக் கெடுக்கும்.

அதே கருவியைப் பற்றி வெலிமடையிலிருந்து ஒருவர், மாலையில் திரையே தெரியவில்லை என்று கேட்டிருந்தார். பழுது இல்லை. 2001இல் வந்த அந்த முதல் கருவியில் திரைக்கு விளக்கே கிடையாது. ஜன்னலோரம் உட்காருங்கள், அல்லது விளக்குள்ள அட்வான்ஸ் எஸ்பி தேடுங்கள்.

கேள்வி: டிஎஸ்ஸில் ஸ்டைலஸ் வைக்கும் இடம் ஒன்று, கவண் போகும் இடம் வேறு.
வாசகர், பொகவந்தலாவை

பதில்: முதலில் ஓரத்தைப் பாருங்கள். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிய ஒரு மணல் துகளே விரலாக நடித்துக்கொண்டிருக்கும். திரையை ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் துடைத்து, பிறகு ஒட்டும் டேப் துண்டை ஓரங்களில் மெதுவாக ஒட்டி எடுங்கள். துகள் டேப்பில் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அமைப்புகளில் தொடுதிரைச் சீரமைப்புக்குப் போய், காட்டும் சதுரங்களின் நடுவில் நுனியால் தொட வேண்டும். துகள் இருக்கும்போதே சீரமைத்தால் பிழையையே பதிவுசெய்து வைத்துவிடும்.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. டவுனில் ‘400 கேம் உள்ளது’ என்று விற்கும் சின்னப் பெட்டியைக் கேட்கிறான். அட்டையில் குமிழிப் படம் இருக்கிறது. வாங்கலாமா?
தாய் ஒருவர், மஸ்கெலியா

பதில்: படத்தை நம்ப வேண்டாம். கடைக்காரரிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் 1980களின் வீட்டு கேம்களின் நகல்கள். குமிழி என்று இருந்தால் அது ‘பபிள் பாபிள்’ ஆக இருக்கலாம்: 1986இல் வந்தது, இரண்டு குட்டி டிராகன்கள் குமிழி ஊதிப் பூதங்களைப் பிடிக்கும் விளையாட்டு. நல்ல விளையாட்டுத்தான். பின்னாளில் அதே டிராகன்கள்தான் குமிழி எறியும் விளையாட்டில் அம்பைத் திருப்புகின்றன. ஆனால் மகன் கேட்பது அதுவல்ல.

வாங்குவதானால் பற்றரியைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் பழைய போன்களின் பிஎல்-5சி வகை, 3.7 வோல்ட் பற்றரி இருக்கும். அதை மேசையில் தட்டையாக வைத்து ஒரு விரலால் சுண்டுங்கள். பம்பரமாகச் சுழன்றால் வயிறு உப்பிவிட்டது, வாங்காதீர்கள். அசையாமல் கிடந்தால் சரி. வீட்டிலும் மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். உப்பிய பற்றரியைக் குத்தவோ, சார்ஜ் ஏற்றவோ, அடுப்பில் போடவோ கூடாது. இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள். லயன் அறைகளில் தலைமாட்டிலேயே செருகிவிட்டுத் தூங்கும் பழக்கம் இருக்கிறது, அதை நிறுத்த வேண்டும்.

எங்கள் யோசனை: அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பாவித்த அட்வான்ஸ் அல்லது டிஎஸ் ஒன்றையும் ஒரு குமிழி கார்டையும் வாங்குங்கள். அட்வான்ஸ் கார்டில் போலி அதிகம். அசலில் முனைக்குச் சற்று மேலே பச்சைப் பலகையில் நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். முன் ஸ்டிக்கரில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் சின்ன அழுத்த எண் ஒன்றும் இருக்கும்.

கேள்வி: தங்கையின் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது. இந்த விளையாட்டு அவனுக்கு முடியுமா?
வாசகர், பசறை

பதில்: முடியும், பதிப்பைத் தேர்ந்து கொடுத்தால். 1989இல் வந்த முதல் கேம் பாய்த் திரையில் நிறமே இல்லை, நான்கு சாயல்தான். அதற்கு வந்த குமிழிப் பதிப்புகளில் உள்ளே இருக்கும் உருவத்தைப் பார்த்துத்தான் எல்லோருமே விளையாட வேண்டியிருந்தது. புதிய பதிப்பு என்றால் அமைப்புகளில் குமிழிக்குள் அடையாளம் காட்டும் வசதி உண்டா என்று பாருங்கள். வாங்கும் முன் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறேன். பைத்தனில் இந்த விளையாட்டைச் செய்து பார்க்கிறேன். சில நேரம் தொங்க வேண்டிய குமிழி விழுகிறது, விழ வேண்டியது காற்றில் நிற்கிறது. ஏன்?
மாணவர், கொட்டகலை

பதில்: தம்பி, அயல் கணக்கில், அதாவது எந்தக் குமிழி எதைத் தொட்டு நிற்கிறது என்பதில் பிழை. இந்தப் பலகை சதுரக் கட்டம் இல்லை. எட்டுக் குமிழி வரிசையும், அரைக் குமிழி தள்ளி நிற்கும் ஏழு குமிழி வரிசையும் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு குமிழிக்கும் ஆறு அயல். பக்கத்தில் இரண்டு எப்போதும் ஒன்றுதான். மேலும் கீழும் உள்ள நான்கு, வரிசையைப் பொறுத்து மாறும். எட்டு வரிசையில் நிற்கும் குமிழிக்கு மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் (நிரல் என்பது வரிசையில் இடமிருந்து எத்தனையாவது இடம் என்ற எண்) ‘நிரல் கழித்தல் 1’, ‘அதே நிரல்’ ஆகியவை அயல். ஏழு வரிசையில் நிற்பதற்கு ‘அதே நிரல்’, ‘நிரல் கூட்டல் 1’. நீங்கள் இரண்டுக்கும் ஒரே பட்டியலைப் பாவித்திருப்பீர்கள்.

எது விழும் என்பதைக் குமிழியிலிருந்து மேலே தேடாதீர்கள், கூரையிலிருந்து கீழே தேடுங்கள். முதல் வரிசையிலுள்ள குமிழிகளை வரிசைப் பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றின் அயலையும் குறியிட்டுக்கொண்டே போங்கள். குறி விழாதது எல்லாம் அந்தரத்தில் நிற்கிறது, விழுத்திவிடலாம். வெடித்த பிறகு ஒரே ஒரு தடவை செய்தால் போதும்.

கூரை இறங்குவதற்குப் புது வரிசையை மேலே சேர்த்தால் எட்டு வரிசை ஏழாகவும் ஏழு எட்டாகவும் மாறிவிடும். அயல் கணக்கு மறுபடி உடையும். சேர்க்காதீர்கள். பலகை முழுவதையும் கீழே நகர்த்தி வரையும் ஒரு எண்ணை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளவுகள்: குமிழி 16 புள்ளி (பிக்சல்) விட்டம் என்றால் எட்டுக்கு 128 புள்ளி அகலம்; வரிசைக்கு வரிசை உயரம் 16 அல்ல, 0.866ஆல் பெருக்க 14 புள்ளி. 16 என்று வைத்தால் வரிசைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும். மோதலைப் பார்க்க வர்க்கமூலம் தேவையில்லை. தூரத்தின் வர்க்கத்தை ஒப்பிடுங்கள். எல்லையைச் சரியாக 256 என்று வைத்தால் ஒரு குமிழி இடைவெளிக்குள் எறிவது கிட்டத்தட்ட நடக்காது, விளையாடுபவர் திட்டுவார். 13இன் வர்க்கம், 169 என்று தளர்த்துங்கள். குமிழி ஒரு சட்டகத்துக்கு 10 புள்ளி வேகத்தில் போனால் மெல்லிய மூலையைத் தாண்டிக் குதித்துவிடும். 4 புள்ளிக்கு ஒரு தடவை சோதியுங்கள்.

கணினி தானாகவே எந்தக் கட்டத்தையும் வேகமாகத் தீர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வரப்போகும் நிறங்கள் முழுவதும் முன்பே தெரிந்திருந்தாலும், பலகையைக் காலியாக்க முடியுமா என்று தீர்மானிப்பது என்பி-முழுமைச் சிக்கல் (எல்லா நிலைக்கும் வேகமாகத் தீர்க்கும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத வகை) என்று எரிக் டிமெய்னும் ஸ்டெஃபான் லாங்கர்மனும் 2015இல் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு ‘எந்த எறி அதிகம் விழுத்தும்’ என்று அடுத்த ஒரு நகர்வை மட்டும் பார்க்கும் புரோகிராம் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு டிஎஸ், ஒரு கார்ட். சேர்ந்து விளையாட இன்னொரு கார்ட் வேண்டுமா?
வாசகி, பதுளை

பதில்: டிஎஸ் பதிப்பில் வேண்டாம். கார்ட் இல்லாதவர் மெனுவில் டவுன்லோட் பிளேயைத் திறந்து காத்திருக்க, கார்ட் உள்ளவர் பல பேர் ஆட்டத்தைத் தொடங்கினால் கம்பியில்லாமல் இறங்கிவிடும். இணையம் தேவையில்லை. போட்டி ஆட்டத்தில் நீங்கள் விழுத்தும் குமிழிகள் எதிராளியின் பலகைக்குப் போய்ச் சேரும். அங்கேயும் மூன்றாக வெடிப்பவரைவிடக் கொத்தாக விழுத்துபவர்தான் வெல்வார். பெரிய திரையில் நான்கு பேர் சேர்ந்து விளையாட ஆசை என்றால் ஸ்விட்ச் கருவிக்கு 2023இல் வந்த ‘பஸில் பாபிள் எவ்ரிபபிள்’ இருக்கிறது. செலவு அதிகம்.

கேள்வி: இடி மின்னல் நேரத்தில் சார்ஜில் போட்டுக்கொண்டே விளையாடலாமா?
வாசகர், நோர்வூட்

பதில்: கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழை இடியோடுதான் வரும். மலையுச்சித் தோட்டங்களுக்கு வரும் மின்கம்பிகள் நீளமானவை. தூரத்தில் விழும் மின்னலும் கம்பி வழியாக வரும். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். கழற்றிவிட்டுப் பற்றரியில் விளையாடுவதில் தடையில்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் உடனே செருகாமல், விளக்கு மினுங்காமல் நிலையாக எரிகிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.